அடுத்தவர் மெல்லும் சத்தம்

சூடான தேநீரை உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும். கொஞ்சம் காற்றையும் சேர்த்து இழுத்தால்தான் நாக்கு சுடாமல் ருசி தெரியும். கடைப் பெஞ்சில் நாலு பேர் உட்கார்ந்து குடித்தால் நாலு விதமாகச் சத்தம் வரும். யாரும் அதைக் கவனிப்பதுகூட இல்லை. ஆனால் சிலருக்கு மட்டும் அந்த உறிஞ்சல் தாங்காது. தோள் இறுகும், நெஞ்சு படபடக்கும், உறிஞ்சுகிறவர் மேல் அடக்க முடியாத ஆத்திரம் மூளும். எழுந்து வெளியே போய்விடுவார்கள். போக வழியில்லை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள்.

வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் நாம் சொல்லும் காரணங்கள் எல்லோருக்கும் தெரிந்தவை. "முன்கோபம்", "செல்லம் கொடுத்துக் கெடுத்தாச்சு", "அவனுக்கு எதுலயும் ஒரு குறை". உண்மையில் இவற்றுக்கும் அந்த ஆத்திரத்துக்கும் பெரிய தொடர்பில்லை. இந்த நிலைக்கு மிசோபோனியா என்று பெயர். மூளையை ஆராய்கிறவர்கள் இதைத் தீவிரமாகப் பார்க்க ஆரம்பித்துப் பத்துப் பதினைந்து வருடங்கள்தான் ஆகின்றன. அதற்குள் தெரியவந்திருப்பவை, கோபம் என்பதைப் பற்றியே நம்மைக் கொஞ்சம் யோசிக்க வைப்பவை. ஒரு தம்ளர் தேநீருக்குள் சொல்லி முடியாது. இன்னொன்றுக்கும் சேர்த்தே சொல்லிவிடுங்கள்.

எந்தெந்தச் சத்தங்கள்? 2013இல் ஆம்ஸ்டர்டாமைச் சேர்ந்த மனநல மருத்துவர்கள், தங்களிடம் வந்த 42 பேரை விரிவாக விசாரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நூற்றுக்கு 81 பேருக்குச் சாப்பிடும் சத்தம்தான் வினை: மெல்லுவது, சப்புக்கொட்டுவது. அடுத்து, மூக்கை உறிஞ்சுவதும் பலமாக மூச்சு விடுவதும். அதற்கடுத்து, கீபோர்டில் தட்டுவது, பேனாவை 'டிக் டிக்' என்று அமுக்கிக்கொண்டே இருப்பது. நம் வீட்டுக் கணக்கில் அப்பளம் நொறுங்குவது, ரசத்தை உள்ளங்கையில் விட்டு உறிஞ்சுவது, தொண்டையைச் செருமுவது எல்லாம் இதில் அடக்கம். அந்த 42 பேருக்கும் இது சராசரியாக 13 வயதில் தொடங்கியிருந்தது. பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்வது வீட்டில் இருக்கும் ஒருவர்: அப்பாவோ, அம்மாவோ, கூடப் பிறந்தவரோ.

இதோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளும் சங்கதிகள் சில உண்டு. அவற்றை முதலில் ஒதுக்கிவிடலாம். சிலருக்குச் சாதாரணமான சத்தம்கூடக் காதைப் பிளப்பதுபோல் பலமாகக் கேட்கும். குக்கர் விசில் வலியாகவே உறைக்கும். அது ஹைபர்அகூசிஸ், அங்கே சிக்கல் சத்தத்தின் பலம். சிலருக்கு வெளியே சத்தமே இல்லாதபோதும் காதுக்குள் இரைச்சல் ஓடிக்கொண்டிருக்கும். அது டினிட்டஸ். மிசோபோனியா இரண்டும் இல்லை. இதில் சத்தம் எவ்வளவு மெதுவாக இருந்தாலும் தப்பிக்க முடியாது. கூடத்தில் டிவி ஓடும்போது அடுத்த அறையில் யாரோ பிஸ்கட் கடிப்பது காதில் விழுந்துவிடும். 2022இல் பல துறை நிபுணர்கள் கூடிப் பேசி இந்த நிலைக்கு ஒரு பொது வரையறை வகுத்தபோதும் இதைத்தான் அழுத்திச் சொன்னார்கள். தூண்டுவது சத்தத்தின் பலம் இல்லை, அந்தக் குறிப்பிட்ட சத்தத்தின் அமைப்பும் அது அவருக்கு என்னவாகப் படுகிறது என்பதும்தான்.

மிசோபோனியா என்ற பெயரை 2001இல் வைத்தவர்கள் மார்கரெட், பாவெல் ஜாஸ்ட்ரெபாஃப் தம்பதி. அமெரிக்காவின் அட்லாண்டாவில் எமரி பல்கலைக்கழகத்தில் காதிரைச்சல் நோயாளிகளைப் பார்த்துவந்தவர்கள். சத்தம் தாங்காமல் வருகிறவர்களில் ஒரு பகுதியினருக்குப் பலமான சத்தம் பிரச்சினையே இல்லை, சில சத்தங்கள்தான் பிரச்சினை என்று அவர்கள் கவனித்தார்கள். பெயர் கிடைத்தும் பத்து வருடங்களுக்கு மேல் ஆய்வுலகம் இதைப் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அந்த மௌனத்தைக் கலைத்தவர்களில் நம்மூர்க்காரர் ஒருவரும் உண்டு. சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியாகோ வளாகத்தில் மூளை ஆய்வில் புகழ்பெற்ற வி.எஸ். ராமச்சந்திரன்தான் அவர். கையை இழந்தவர்களுக்கு இல்லாத கையில் வலி ஏன் வருகிறது என்று ஆராய்ந்தவர் என்றால் பலருக்கு ஞாபகம் வரும். 2013இல் அவருடைய குழுவில் மிரென் ஈடல்ஸ்டைன் என்ற ஆய்வாளர் தலைமையில், மிசோபோனியா உள்ள 11 பேரிடம் நீண்ட நேர்காணல் நடத்தினார்கள். பிறகு விரல்களில் மின்முனை பொருத்தித் தோலின் மின்கடத்தலை அளந்தார்கள். மனம் பதறினால் உள்ளங்கை வியர்க்கும். வியர்த்தால் மின்சாரம் தோலில் சுலபமாகப் பாயும். அதை மனசு வைத்துக் கூட்டுவதோ குறைப்பதோ சுலபமில்லை. சத்தங்களைக் கேட்டபோது மற்றவர்களைவிட இவர்களுக்கு அந்த அளவு கூடியது. மிகைப்படுத்திச் சொல்கிறார்கள், நடிக்கிறார்கள் என்ற சந்தேகத்துக்கு உடம்பே பதில் சொன்ன முதல் சோதனைகளில் அது ஒன்று.

உடம்பு பதறுகிறது, சரி. யார் பதறச் சொல்கிறார்கள்? அதற்கு மூளைக்குள் போக வேண்டும். அதற்கு முன், எல்லோரும் வெறுக்கும் சத்தம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் வித்தியாசம் விளங்கும்.

கரும்பலகையில் நகத்தால் கீறினால் யாருக்கும் உடம்பு கூசும். இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் சுக்பிந்தர் குமாரும் டிம் கிரிஃபித்ஸும் 2012இல் இதை ஆராய்ந்தார்கள். 13 பேரை எஃப்எம்ஆர்ஐ கருவிக்குள் படுக்க வைத்து 74 சத்தங்களைப் போட்டுக் காட்டினார்கள். மூளையில் எந்த இடத்துக்கு ரத்த ஓட்டம் கூடுகிறது என்று பார்த்து, எந்த இடம் வேலை செய்கிறது என்று சொல்லும் கருவி அது. எல்லாவற்றிலும் மோசமான சத்தம் என்று அவர்கள் சொன்னது பாட்டில் மேல் கத்தியை இழுப்பது. இதமானவற்றில் குழந்தையின் சிரிப்பும் தண்ணீர் சத்தமும் இருந்தன. பொதுவாக 2000 முதல் 5000 ஹெர்ட்ஸ் அலைவரிசைக்குள் விழும் சத்தங்கள் கூடுதலாக உறுத்தின. நம் காதுக்குக் கூர்மை அதிகம் உள்ள எல்லை அது. அலறல்களும் அதற்குள் வரும். அந்தச் சமயத்தில், சத்தத்தைப் பகுத்தறியும் செவிப்புலப் பகுதிக்கும், பயத்துக்கும் எச்சரிக்கைக்கும் பேர்போன அமிக்டலாவுக்கும் இடையே பேச்சுவார்த்தை கூடியது.

இங்கே வெறுப்புக்குக் காரணம் சத்தத்தின் இயல்பிலேயே இருக்கிறது. ஆகவேதான் உங்களுக்கும் எனக்கும் ஒரே மாதிரி கூசுகிறது. மெல்லும் சத்தத்தில் அப்படி எதுவும் இல்லை. அது மெதுவானது, மந்தமானது, தினமும் மூன்று வேளை கேட்டுப் பழகியது. அப்படியிருக்கச் சிலருக்கு மட்டும் ஏன்?

அதே சுக்பிந்தர் குமார் 2017இல் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து இந்தக் கேள்வியை எடுத்தார். மிசோபோனியா உள்ள 20 பேர், இல்லாத 22 பேர். எல்லோருக்கும் மூன்று வகைச் சத்தங்கள். மழை, கூட்டமான காபிக்கடை, கெட்டிலில் தண்ணீர் கொதிப்பது ஆகியவை சாதாரணச் சத்தங்கள். குழந்தை வீறிடுவது, யாரோ அலறுவது ஆகியவை எல்லோருக்கும் பிடிக்காதவை. மூன்றாவது வகை, சாப்பிடுவதும் மூச்சு விடுவதும். முதல் இரண்டு வகையிலும் இரு குழுவுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வேறுபாடில்லை. இதைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். குழந்தையின் அழுகை இவர்களை மற்றவர்களைவிடக் கூடுதலாகப் பாதிக்கவில்லை. ஆக, இவர்கள் பொதுவாகவே எதையும் தாங்காதவர்கள் என்ற எண்ணம் தப்பு. மூன்றாவது வகை வந்ததும்தான் இரு குழுவும் பிரிந்தன. இவர்களுக்கு மட்டும் இதயத் துடிப்பு ஏறியது, தோல் வியர்த்தது, மூளையில் இன்சுலாவின் முன்பகுதி மிகக் கடுமையாக வேலை செய்தது.

இன்சுலா மூளையின் மேற்பரப்பில் தெரியாது. காதுக்கு மேலே பக்கவாட்டில் ஓடும் ஆழமான மடிப்புக்குள் ஒளிந்திருக்கும். உடம்புக்குள் நடப்பதை மூளைக்குத் தெரிவிக்கும் இடங்களில் முக்கியமானது அது: நெஞ்சு அடிப்பது, வயிறு காய்வது, மூச்சு முட்டுவது, குமட்டுவது. கெட்டுப்போன பாலை முகர்ந்ததும் வரும் அருவருப்பிலும் அதற்குப் பங்குண்டு. இன்சுலாவின் முன்பகுதிக்கு இன்னொரு பொறுப்பும் இருக்கிறது. ஒவ்வொரு கணமும் கண்ணிலும் காதிலும் வந்து கொட்டும் ஆயிரம் சங்கதிகளில், இந்தக் கணத்தில் எது முக்கியம் என்று குறித்துக்கொடுப்பதில் அது முன்னால் நிற்கிறது. அது குறித்துக்கொடுத்துவிட்டால் கவனம் அங்கே போயே தீரும்.

வாசலில் கட்டிய நாய் திருடனைக் கண்டு குரைத்தால் நல்லது. சில நாய்கள் தினம் வரும் பால்காரரைக் கண்டும் அதே மூர்க்கத்தோடு குரைக்கும். வீட்டுக்காரர் உள்ளேயிருந்து "அது பால்காரர்டா" என்று எத்தனை முறை கத்தினாலும் அதன் குரைப்பு நிற்காது. மிசோபோனியாவில் இன்சுலாவின் நிலைமை ஏறக்குறைய இதுதான். இது அம்மா, இது வெறும் முறுக்கு என்று அந்த மனிதருக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் பலனில்லை, அறிவிப்பு முன்பே போய்விட்டது, இதயம் ஏற்கெனவே ஓட ஆரம்பித்துவிட்டது.

அதே 2017 ஆய்வில் இன்னும் இரண்டு விஷயங்கள் தெரிந்தன. அந்தச் சத்தங்களைக் கேட்கும்போது இன்சுலாவின் முன்பகுதி, அமிக்டலாவோடும், நினைவுகளைக் கையாளும் ஹிப்போகாம்பஸோடும், நெற்றிக்குப் பின்னால் நடுவில் கீழ்ப்பக்கமாக இருக்கும் உணர்ச்சியைச் சீர்படுத்தும் பகுதியோடும் வழக்கத்தைவிட நெருக்கமாக இணைந்து இயங்கியது. இரண்டாவது, அந்த நெற்றிப் பகுதியில் நரம்பிழைகளைச் சுற்றியிருக்கும் மயலின் என்ற கொழுப்பு உறை மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. செய்திகள் விரைவாகப் போக உதவும் உறை அது. ஆக, நடத்தையில் மட்டும் தெரிந்துவந்த வேறுபாடு மூளையின் கட்டமைப்பிலும் தெரிந்தது. பிறவியிலேயே அப்படி இருந்ததால் சத்தம் தாங்கவில்லையா, வருடக்கணக்காகத் தாங்காமல் தவித்ததால் அப்படி ஆனதா என்பதை இப்படிப்பட்ட ஒரு படம் சொல்லாது. அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.

இரண்டாவது தம்ளர் வந்துவிட்டதா? இனிமேல்தான் சுவாரசியமான இடம்.

மிசோபோனியா உள்ளவர்களிடம் பேசினால் சில முரண்பாடுகள் திரும்பத் திரும்ப வரும். அடுத்தவர் மெல்லுவது தாங்காது. தான் மெல்லுவது ஒன்றும் செய்யாது. பல பேருக்குக் கைக்குழந்தை சப்புக்கொட்டினால் கோபம் வராது. நாய் தட்டை நக்கினால் பரவாயில்லை. அப்பா பழம் சாப்பிட்டால் மட்டும் அறையைவிட்டு ஓட வேண்டும். சத்தம் ஏறக்குறைய ஒன்றே. வெறுப்பு சத்தத்தைப் பற்றியது என்றால் இது பொருந்தவே பொருந்தாது. சத்தத்தை உண்டாக்குகிற செயலைப் பற்றியது என்றால்?

இதற்கு ஒரு பழைய தடயம் குரங்கிடம் இருக்கிறது. இத்தாலியின் பார்மா நகரில் ஜாகோமோ ரிசோலாட்டியின் ஆய்வுக்கூடத்தில் 1990களில் ஒரு வினோதத்தைக் கண்டார்கள். குரங்கு கையை நீட்டி ஒன்றை எடுக்கும்போது இயங்கும் சில நியூரான்கள், வேறொருவர் எடுப்பதைப் பார்க்கும்போதும் இயங்கின. கண்ணாடி நியூரான்கள் என்று அவற்றுக்குப் பெயர் வைத்தார்கள். 2002இல் அதே ஊர் ஆய்வாளர்கள் இன்னொரு படி போனார்கள். வேர்க்கடலையை உடைக்கும் சத்தம் மட்டும் கேட்டாலே, தானே கடலை உடைக்கும்போது இயங்கும் நியூரான்களில் சில இயங்கின. கண்ணால் எதையும் பார்க்கவில்லை, கையும் அசையவில்லை. அதாவது மூளை ஒரு சத்தத்தைக் கேட்கும்போது, அதை உண்டாக்கும் செயலையும் ஓரளவுக்கு உள்ளுக்குள் செய்து பார்க்கிறது.

மனிதர்களில் இதைத் தேடி, 2021இல் சுக்பிந்தர் குமார் குழு மறுபடி ஸ்கேன் படங்களோடு வந்தது. இந்த முறை பார்த்தது, முகம், வாய், தொண்டை ஆகியவற்றின் அசைவுக்கு மூளை தயாராகும் பகுதியை. மிசோபோனியா உள்ளவர்கள் எதுவும் கேட்காமல் சும்மா படுத்திருக்கும்போதே, அவர்களுடைய செவிப்புலப் பகுதிக்கும் இந்த வாயசைவுப் பகுதிக்கும் இடையே இணைப்பு வலுவாக இருந்தது. தொந்தரவான சத்தத்தைக் கேட்டதும் வாயசைவுப் பகுதி மற்றவர்களைவிடக் கூடுதலாக இயங்கியது. தொந்தரவு எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்கு இயக்கமும் கூடியது. செவிப்புலப் பகுதியிலோ, சத்தத்தைக் கேட்டபோது இரு குழுவுக்கும் வேறுபாடு தென்படவில்லை. காது கேட்பதும், மூளை அதை உள்வாங்குவதும் எல்லோரையும் போலத்தான். அதற்குப் பிறகு அந்தச் செய்தி போய்ச் சேரும் இடத்தில்தான் வித்தியாசம்.

இதை ஒரு முறை மெதுவாக நினைத்துப் பாருங்கள். எதிரில் ஒருவர் மென்றுகொண்டிருக்கிறார். கேட்பவரின் மூளையில், அவருடைய சொந்த வாயை அசைக்கும் பகுதி அவருடைய அனுமதி இல்லாமல் கிளர்ந்தெழுகிறது. யாரோ தன் உடம்புக்குள் புகுந்து எதையோ செய்வதுபோல் இருக்கிறது. அதை இன்சுலா அபாயம் என்று குறிக்கிறது, உடம்பு சண்டைக்குத் தயாராகிறது. இப்போது கோபம் அர்த்தமாகிறது அல்லவா? அத்துமீறலுக்கு நாம் கோபப்படுவதுதான் வழக்கம். இவர்களுக்கு ஏன் பயத்தைவிடக் கோபம் முந்துகிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இதுவரை வரவில்லை என்பது என் எண்ணம். தன் சத்தம் ஏன் தொந்தரவு செய்வதில்லை என்பதும் இதில் அடங்கிவிடுகிறது. தன் வாயைத் தானே அசைக்கும்போது அத்துமீற யாரும் இல்லை.

இன்னொரு பழக்கமும் இப்போது விளங்கும். மிசோபோனியா உள்ள பலர் அந்தச் சத்தத்தை அப்படியே திருப்பிச் செய்வார்கள். எதிரில் இருப்பவர் மூக்கை உறிஞ்சினால் இவரும் உறிஞ்சுவார். அவர் மென்றால் இவரும் சேர்ந்து மெல்லுவார். "கிண்டல் பண்றியா?" என்று வீட்டில் சண்டை வரும். கிண்டல் இல்லை. அந்த அசைவைத் தானே செய்யும்போது கட்டுப்பாடு தன் கைக்குத் திரும்பியதுபோல் கொஞ்சம் நிம்மதி கிடைப்பதாகச் சொல்கிறார்கள்.

அப்படியானால் பேனாவைத் தட்டுவதும் மேசையில் விரலால் தாளம் போடுவதும் ஏன் எரிச்சலூட்டுகின்றன, வாய்க்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. 2022இல் அமெரிக்காவின் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹெதர் ஹான்சன் முதலானோர் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர்களுடைய ஆய்வில், மிசோபோனியா அறிகுறிகள் உள்ளவர்களுக்கு, விரல்களோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளுக்கும் இன்சுலாவுக்கும் இடையிலான இணைப்பு வேறுபட்டுத் தெரிந்தது. வாய் என்றால் வாய்க்குரிய பகுதி, விரல் என்றால் விரலுக்குரிய பகுதி. சத்தமே இல்லாவிட்டாலும் கதை முடிவதில்லை. எதிரில் இருப்பவர் காலை ஆட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்தால் எரிச்சல் தாங்காதவர்கள் உண்டு. அதற்கு மிசோகைனீசியா என்று பெயர். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் 4100 பேருக்கு மேல் விசாரித்து 2021இல் வெளியிட்ட கட்டுரையில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அந்த எரிச்சல் ஏதோ ஓர் அளவில் இருந்தது. சத்தத்துக்கு அப்பால் செயல்தான் சூத்திரதாரி என்பதற்கு இதுவும் சாட்சி.

செயல் என்று சொன்னாலும், மூளை அதை என்ன செயலாக எடுத்துக்கொள்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான்டா குரூஸ் வளாகத்தில் ஒரு குழு சாமர்த்தியமான வேலை செய்தது. தொந்தரவான சத்தத்தின் ஒலிப்பதிவை அப்படியே வைத்துக்கொண்டு, காட்சியை மட்டும் மாற்றினார்கள். யாரோ மெல்லும் ஒலியோடு வேறொரு செயலின் படம், ஒலிக்குச் சரியாகப் பொருந்தும்படி ஓடும். காதில் விழுவது அதே ஒலிதான். ஆனால் மெல்லும் வாயைக் காட்டியபோது இருந்ததைவிட வெறுப்பு குறைந்தது. சான் டியாகோ குழுவின் பிந்தைய ஆய்வு ஒன்றிலும், கேட்ட சத்தத்தை மனிதர் சாப்பிடுவது என்று நினைத்தார்களா, விலங்கு சாப்பிடுவது என்று நினைத்தார்களா, வேறு ஏதோ சத்தம் என்று நினைத்தார்களா என்பதைப் பொறுத்து வெறுப்பு கூடிக் குறைந்தது. அப்பா பழம் சாப்பிடுவதும் நாய் நக்குவதும் ஏன் ஒன்றில்லை என்பதற்கு இங்கே பாதி பதில் இருக்கிறது.

இது எத்தனை பேருக்கு? பிரிட்டனின் மக்கள்தொகையைப் பிரதிபலிக்கும்படி 772 பேரைத் தேர்ந்தெடுத்து 2023இல் லண்டன் கிங்ஸ் கல்லூரி, ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். நூற்றுக்கு 18 பேர் சொச்சத்துக்கு இந்த அறிகுறிகள் வாழ்க்கையில் குறிப்பிடத்தக்க பாரமாக இருந்தன. நம் பக்கத்தில் மைசூருவில் உள்ள அகில இந்தியப் பேச்சு - செவிப்புல நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் கல்லூரி மாணவர்களிடையே ஆய்வு செய்து, இது மேல்நாட்டுச் சங்கதி மட்டும் இல்லை என்று காட்டியிருக்கிறார்கள். எரிச்சல் என்பதில் அளவுகள் உண்டு. பெரும்பாலோர் முகம் சுளிப்பதோடு நிறுத்திக்கொள்வார்கள். குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட முடியாமல், வகுப்பில் பாடம் காதில் ஏறாமல், அலுவலகத்தில் வேலை ஓடாமல் தவிப்பவர்கள் அதில் ஒரு பகுதி. அவர்களுக்குத்தான் உதவி வேண்டும்.

சிகிச்சைக்கு மாத்திரை என்று ஒன்று இதுவரை நிலைபெறவில்லை. ஓரளவு நம்பத்தகுந்த ஆதாரம் இருப்பது அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை எனப்படும் பேச்சுவழிச் சிகிச்சைக்கு. அதே ஆம்ஸ்டர்டாம் குழு 54 பேரை வைத்து நடத்திய சோதனையில், சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 37 பேருக்குத் தெளிவான முன்னேற்றம் தெரிந்தது. காத்திருப்புப் பட்டியலில் இருந்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. அங்கே சொல்லித்தரும் வித்தைகள், மேலே பார்த்த மூளைக் கதையோடு நன்றாகப் பொருந்துகின்றன. கவனத்தைச் சத்தத்திலிருந்து கையில் இருக்கும் வேலைக்குத் திருப்பப் பயிற்சி தருகிறார்கள். தொந்தரவான சத்தத்தைப் பிடித்தமான காட்சிகளோடு சேர்த்துக் காட்டுகிறார்கள். அதே சத்தத்தைக் கணினியில் போட்டு, வேகத்தையும் சுருதியையும் தானே மாற்றி விளையாடச் சொல்கிறார்கள். சத்தம் தன் கட்டுக்குள் வந்தால் அத்துமீறலின் உறைப்பு குறைகிறது. தசைகளைத் தளர்த்தும் பயிற்சியும் உண்டு. நூற்றுக்கு 37 என்பது எல்லோருக்கும் குணம் என்ற வாக்குறுதி இல்லை. ஒன்றும் செய்ய முடியாது என்ற பேச்சுக்கு மறுப்பு.

மருத்துவரிடம் போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொண்டு போவது நல்லது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் நோய்ப் பட்டியல் நூலில் மிசோபோனியா தனி நோயாக இடம்பெறவில்லை. ஆகவே மருத்துவர் எல்லோருக்கும் இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. முதலில் ஒரு செவிப்புல நிபுணரிடம் காதைச் சோதித்துக்கொண்டு, ஹைபர்அகூசிஸோ டினிட்டஸோ கூட இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பிறகு மருத்துவ உளவியலாளரிடம் போவது நேர்வழி. "சத்தம் ஒத்துக்கல" என்று பொதுவாகச் சொல்லாமல், எந்தச் சத்தம், யார் செய்தால், அப்போது உடம்பில் என்ன ஆகிறது என்று எழுதிக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது.

வீட்டில் செய்யக்கூடியவையும் உண்டு. சாப்பிடும்போது ரேடியோவோ பாட்டோ மெதுவாக ஓடட்டும். ஃபேன் காற்றின் இரைச்சலும் உதவும். அமைதியான அறைதான் இவர்களுக்கு எதிரி, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு மெல்லலும் தனித்துக் கேட்கும். நேர் எதிரே உட்காராமல் பக்கவாட்டில் உட்கார்ந்தால் வாயசைவு கண்ணில் படாது. காதில் பஞ்சோ ஹெட்ஃபோனோ அவசரத்துக்குச் சரி. ஆனால் நாள் முழுக்க அடைத்துக்கொண்டே இருந்தால் காது இன்னும் கூர்மையாகிவிடும் என்று செவிப்புல நிபுணர்கள் எச்சரிக்கிறார்கள். "பழகட்டும்" என்று பக்கத்தில் உட்காரவைத்து வேண்டுமென்றே மென்று காட்டுவது மட்டும் வேண்டாம். வருடக்கணக்காக மூன்று வேளையும் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறார்கள்; கேட்டுப் பழகுவதால் தீருவதாக இருந்தால் எப்போதோ தீர்ந்திருக்கும்.

பேச்சும் முக்கியம். சாப்பிடும் இலையில் உட்கார்ந்துகொண்டு "அப்பா, மாடு மாதிரி மெல்லாதீங்க" என்று வெடித்தால் அவமானம்தான் மிஞ்சும். சாப்பாட்டு நேரம் இல்லாத ஒரு வேளையில், "அப்பா, நீங்க சாப்பிடுறதுல தப்பு எதுவும் இல்ல. அந்தச் சத்தம் கேட்டா எனக்கு உடம்பு படபடன்னு வருது. பாட்டுப் போட்டுக்கலாமா?" என்று கேட்டுப் பார்க்கலாம். கேட்கிற அப்பாவும், தன்னைப் பிடிக்காததால் பிள்ளை எழுந்து போகிறது என்று மனசு சுருங்க வேண்டியதில்லை. யாரோடு அதிகம் உட்கார்ந்து சாப்பிடுகிறோமோ அவருடைய சத்தம்தான் பெரும்பாலும் முதலில் மாட்டிக்கொள்கிறது. தெருவில் போகிறவர் எப்படி மெல்லுகிறார் என்று யார் கவனிக்கிறார்கள்?

கடைசியாக ஒரு கணக்கு. சத்தம் காதில் விழுந்து இதயம் ஓடத் தொடங்கும் வரைக்கும் உள்ள அந்த அரைக் கணம் யாருடைய விருப்பத்தையும் கேட்டு நடப்பதில்லை. அதற்காக ஒருவரைத் திட்டுவது, தும்மியதற்காகத் திட்டுவதைப் போல வீண். ஆனால் அதற்குப் பிறகு வருபவை உண்டு: கத்துவதா, எழுந்து போவதா, பாட்டை வைப்பதா, அடுத்த முறை எங்கே உட்காருவது, யாரிடம் சிகிச்சைக்குப் போவது. அவையெல்லாம் கோபப்படுகிறவர், மெல்லுகிறவர் இருவரும் பேசி முடிவு செய்யக்கூடியவை. வீட்டில் சண்டை நடப்பது பெரும்பாலும் அந்த அரைக் கணத்தைப் பற்றித்தான். பேச்சை அதற்குப் பிந்தியவற்றுக்கு நகர்த்தினால் இரண்டு பேருக்கும் செய்வதற்கு ஏதாவது இருக்கும்.